தோணித்துறையிலிருந்து சுற்றுலாத்தலம் வரை: சிங்கப்பூர் ஆற்றங்கரைச் சீரமைப்பும் தமிழர் சுவடும்

ஆய்வுச்சுருக்கம்

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சரக்குப் படகுகளின் துறையாக விளங்கிய சிங்கப்பூர் ஆறு, 1977இல் தொடங்கிய தூய்மைத் திட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த பாதுகாப்பு, சுற்றுலாத் திட்டங்களாலும் பயணிகள் நாடும் நீர்முகப்பாக மாறியது. நகர நீர்நிலைச் சீரமைப்பின் வெற்றிக்குச் சான்றாக இது பரவலாகச் சுட்டப்படுகிறது. இம்மாற்றம் நிகழ்ந்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சுற்றுலாவுக்கென நகரின் மரபு இனவாரியாகப் பகுக்கப்பட்டபோது, ஆற்றங்கரையின் தொடக்ககாலத் தமிழ்ப் படகோட்டிகளும் வணிகரும் அக்கரையின் வரலாற்றுக் காட்சியிலிருந்து எவ்வாறு விலகினர் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர் ஆறு, சூலியா, தொங்கான், கிட்டங்கி, நகரச் சீரமைப்பு, மரபுப் பாதுகாப்பு.

முன்னுரை

சிங்கப்பூர் ஆறு மூன்று கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும் நீளமுடையது. காவிரியையும் தாமிரபரணியையும் மனத்திற்கொண்டு அதனை நோக்குவோர்க்கு ஆறு என்னும் பெயரே மிகையாகத் தோன்றும். இருமருங்கும் சுவர் எழுப்பப்பட்டு, பாலங்களால் பலவிடத்துக் குறுக்கிடப்பட்டு, நகரின் நடுவே செல்லும் அந்நீர்வழி தோற்றத்திலும் பயன்பாட்டிலும் ஒரு நகரக் கால்வாயே. அண்மைக்காலம் வரை கடல் ஓதத்திற்கேற்ப அதன் நீர் ஏறி இறங்கியதைக் கருதினால், நெய்தல் நிலத்துக்குரியதாகப் பழந்தமிழ் நூல்கள் சுட்டும் ‘கழி’ என்னும் சொல் அதற்கு மிகவும் பொருந்தும்.

இந்நீர்வழியின் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கிச் செல்கையில் போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ என மூன்று துறைப்பகுதிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இன்று அவை உணவகங்களும் கேளிக்கைக் கூடங்களும் தங்கும் விடுதிகளும் நிறைந்தவை. நாற்பதாண்டுகளுக்கு முன் அவை அரிசி மூட்டையும் ரப்பர்ப் பொதியும் ஏற்றி இறக்கிய இடங்கள். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிகழ்ந்தவை குறித்து நகரத் திட்டவியலாரும் சுற்றுலா ஆய்வாளரும் நிரம்ப எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளில் தமிழர் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் வந்து மறைகின்றனர். இம்மறைவுக்குச் சான்றுகளின் குறைவு மட்டும் காரணமாகாது என்பதும், சீரமைப்பு மேற்கொள்ளப்பட்ட முறையிலேயே அதற்கான காரணம் ஒன்று உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

துறை உருவான முறை

1819 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் ராஃபிள்ஸ் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், கழிமுகத்தை ஒட்டியே புதிய வணிகக் குடியிருப்பு வளர்ந்தது. தென்கரை அப்போது சதுப்பு நிலம். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தையொட்டி அருகிலிருந்த சிறு குன்று ஒன்று வெட்டப்பட்டு, அம்மண்ணால் சதுப்பு தூர்க்கப்பட்டது. குன்று இருந்த இடம் வணிகச் சதுக்கமாயிற்று. பின்னாளில் அது ராஃபிள்ஸ் பிளேஸ் எனப் பெயர் பெற்றது. தூர்க்கப்பட்ட கரை போட் கீ ஆயிற்று. இப்பணியை நேரிற் கண்ட முன்ஷி அப்துல்லா, சீனரும் மலாயரும் தமிழருமாகிய தொழிலாளர் அதில் ஈடுபட்டதைத் தம் ‘ஹிக்காயத் அப்துல்லா’வில் பதிவு செய்துள்ளார்.

அப்துல்லாவைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறுவது பொருத்தம். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் அவருடைய முன்னோருள் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப்பெண்ணை மணந்தவர். மலாக்காவில் தாம் இளமையில் தமிழ் கற்றதையும், அந்நகரின் வசதியுள்ள குடும்பத்தார் கணக்கு வழக்கின் பொருட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது வழக்கமாயிருந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். சிங்கப்பூர் ஆற்றங்கரையின் முதல் சாட்சி தமிழறிந்த ஒருவர் என்பது, அக்கரையின் வணிக உலகில் தமிழ் பெற்றிருந்த இடத்தைக் காட்டுகிறது.

ஆழ்கடற் கப்பல்கள் கழிக்குள் நுழைய இயலாது. அவை வெளியே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் சரக்கை ஏற்றிக்கொண்டு கரையிலுள்ள கிடங்குகளின் வாயிலுக்கே கொண்டுவந்தன. துறைமுகத்தின் உயிர்நாடி இப்படகுத்தொழிலே. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் நான்கில் மூன்று பங்கு போட் கீயில் நடைபெற்றதாகக் கூறப்படுகிறது. 1852இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகமும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பெருகிய நீராவிக் கப்பல்களும் பெருங்கப்பல் வணிகத்தைத் தெற்கே ஈர்த்தன. ஆயினும் அரிசி, ரப்பர், காப்பி, மசாலைப் பொருள் ஆகியவற்றின் வட்டார வணிகம் ஆற்றிலேயே தங்கியது.

கழிமுகத்திற்கு அருகிலுள்ள கேவனா பாலம் இக்காலகட்டத்தின் எச்சம். இந்தியக் கைதிகளின் உழைப்பால் உருவான இறுதிப் பெரும்பணிகளுள் ஒன்றாக அது குறிக்கப்படுகிறது. நீரேற்றத்தின்போது படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல், நீர் வற்றும்வரை காத்திருந்தன. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தின்மேல் செல்லலாகாது என்னும் பழைய காவல்துறை அறிவிப்புப் பலகை இன்றும் அங்கே உள்ளது. சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று.

சூலியாப் படகோட்டிகள்

ஆற்றின் படகுத்தொழில் என்றவுடன் இன்று நினைவுக்கு வருவோர் ஹொக்கியன், தியோச்சு மொழிபேசும் சீனப் படகோட்டிகள். இருபதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால், தொழில் தொடங்கிய காலத்து நிலை வேறு. சிங்கப்பூர் ஆற்றின் சமூக வரலாற்றை விரிவாக எழுதிய ஸ்டீபன் டாப்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகுத்தொழிலில் தென்னிந்தியர் பெற்றிருந்த முதன்மையை எடுத்துரைக்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற இவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் மிகுதி. காலனிய ஆவணங்கள் அவர்களைச் ‘சூலியா’ என வழங்கின. இப்பெயரைச் ‘சோழ’ என்பதனோடு தொடர்புபடுத்துவோர் உளர். அத்தொடர்பு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டதன்று.

இவர்கள் தற்செயலாக வந்து தங்கிய சிலரல்லர். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில், தென்கரையின் மேற்பகுதியில் ‘சூலியா கம்போங்’ எனத் தனிக் குடியிருப்பே குறிக்கப்பட்டுள்ளது. ஆற்றை ஒட்டி அது ஒதுக்கப்பட்டதற்கு அவர்தம் தொழிலே காரணம் எனக் கொள்வது பொருந்தும். இன்றைய சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் தோற்றம்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், அதே சாலையில் 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயிலும், அன்றைய கடற்கரையான தெலுக் ஆயரில் 1828–30இல் எழுந்த நாகூர் தர்காவும் ஆற்றுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்தன. ஆற்றை அடுத்த மார்க்கெட் தெருவில் நகரத்தார் தம் கிட்டங்கிகளை நிறுவி வட்டித்தொழில் நடத்தினர். அவர்களின் தண்டாயுதபாணி கோயில் 1859இல் ஆற்றின் வடபுறத்தே டேங்க் சாலையில் அமைந்தது. படகு, பள்ளிவாசல், கோயில், வட்டிக்கடை ஆகிய இந்நான்கையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், தொடக்ககாலத் தமிழர் வாழ்வின் மையம் ஆற்றின் தென்கரையே என்பது தெளிவாகும்.

நூற்றாண்டின் பிற்பகுதியில் படகுத்தொழில் படிப்படியாகச் சீனர் கைக்கு மாறியது. கரையோரக் கிடங்குகளும் வணிக நிறுவனங்களும் சீனரிடம் இருந்தமையால், தம் இனத்தாரின் படகுகளையே அவர்கள் அமர்த்திக்கொண்டனர் என்பது எளிதில் விளங்கும். தமிழர் தொழிலைக் கைவிட்டுச் சென்றனரா, போட்டியில் தள்ளப்பட்டனரா என்ற வினாவுக்கு ஒரே விடை கூற இயலாது. இரண்டும் கலந்தே நிகழ்ந்திருக்க வேண்டும். எவ்வாறாயினும், ஆற்றின் வாழ்வு ஒளிப்படங்களில் பெருமளவு பதிவாகத் தொடங்கியபோது தமிழ்ப் படகோட்டி சிறுபான்மையாகிவிட்டார். பிற்காலத்தில் வாய்மொழி வரலாறு தொகுக்கப்பட்டபோது நினைவுகூர்ந்து பேச அவர் தலைமுறையில் எவரும் இல்லை. சீரமைப்புத் திட்டத்தார் ‘பழைய ஆறு’ எனக் கருதியது பெரும்பாலும் இந்த ஒளிப்பட ஆற்றையே.

தூய்மைத் திட்டம்: 1977–1987

கழியின் நீர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கெடத் தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கருநிற ஓடை. மேல்நிலப் பகுதிகளின் பன்றி, வாத்துப் பண்ணைக் கழிவு, கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகளின் மலக்கழிவு, தெருவோர உணவுக்கடைகளின் எச்சம், பட்டறைகளின் எண்ணெய், படகுகளின் கசிவு எல்லாம் அதில் கலந்தன. நாற்றத்தைக் கொண்டே ஆறு இருக்கும் திசையை அறியலாம் என்ற நிலை.

1977 பிப்ரவரி 27 அன்று மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என இலக்கு வைத்தார். சுற்றுச்சூழல் அமைச்சகம் பல துறைகளை ஒருங்கிணைத்துப் பணியை மேற்கொண்டது. வடிநிலப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வணிகர் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். ஆற்றின் அடியில் படிந்த சேறு வாரப்பட்டது. மீள்குடியேற்ற இழப்பீடு நீங்கலான செலவு ஏறத்தாழ 17 கோடி வெள்ளி.

1983இல் எண்ணூறுக்கு மேற்பட்ட சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு அனுப்பப்பட்டன. ஆற்றின் படகுத்தொழில் அத்துடன் முடிந்தது. புதிய இடம் திறந்த கடலை நோக்கியது; கழியின் அமைதியான நீருக்கென அமைந்த தட்டையான படகுகளுக்கும், கரையோரக் கடைகளையும் கோயில்களையும் சார்ந்து வாழ்ந்த படகோட்டிகளுக்கும் அது ஏற்ற இடமாக இல்லை. இம்முடிவைத் தூய்மைத் திட்டத்தின் கொடுமையாக மட்டும் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கியபோதே சிறுபடகுச் சரக்குத்தொழிலின் வருங்காலம் சுருங்கிவிட்டது. மெல்ல நலிந்துகொண்டிருந்த தொழிலைத் திட்டம் ஒரே ஆண்டில் முடித்துவைத்தது. நலிந்த தொழிலைச் சிறிய அளவிலேனும் ஆற்றில் தங்கவைக்கும் வாய்ப்பு முற்றிலும் இல்லாமலில்லை. அவ்வாய்ப்பு கருதப்பட்டதாகத் தெரியவில்லை என்பதே குறை.

காலவரிசையில் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. தூய்மைத் திட்டம் பயணிகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று. அதன் உடனடி நோக்கம் கழிவகற்றலும் பொதுநலமும். குடிநீர்த் தன்னிறைவு என்னும் நெடுநோக்கு அதன் பின்னணியில் நின்றது. சுற்றுலாத்தலம் என்னும் எண்ணம் நீர் தெளியத் தொடங்கிய பின்னரே வலுப்பெற்றது. நீர்முகப்பு அழகூட்டல் திட்டங்கள் பலவிடங்களில் கரையில் நடைபாதையும் விளக்கும் அமைத்து, நீரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிடுகின்றன. சிங்கப்பூரில் வரிசை மாறியிருந்தது. அதன் வெற்றிக்கு வேறெந்தக் காரணத்தினும் இதுவே பெரிது.

நீர்முகப்பு காட்சியிடமாதல்

1983இல் சிங்கப்பூருக்கு வந்த பயணிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. தொடர்ந்து ஏறிவந்த எண்ணிக்கை இறங்கியதும் அரசு விழித்தது. 1984இல் அறிக்கை அளித்த சுற்றுலாப் பணிக்குழு, உயர்ந்த கட்டடங்கள் பெருகிப் பழைய நகரின் தனித்தன்மை மறைந்துவிட்டதே பயணிகளின் ஆர்வம் குன்றியதற்குக் காரணங்களுள் ஒன்று எனக் கண்டது. 1986இல் நூறு கோடி வெள்ளி மதிப்பிலான சுற்றுலா வளர்ச்சித் திட்டம் உருவாயிற்று. அதற்கு முந்தைய இருபதாண்டுகள் பழைய கடைவீடுகளை இடித்துத் தள்ளிய அதே அரசு, எஞ்சியவற்றைக் காக்க முனைந்தது. இடிப்புக்கும் காப்புக்கும் பொருளாதாரமே காரணமாக அமைந்தது என்பது நகைமுரணாகத் தோன்றலாம். நகர வரலாறுகளில் அது புதிதன்று.

1989 ஜூலையில் போட் கீயும் கிளார்க் கீயும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இயன்றவரை பழையதைத் தக்கவைத்தல், உணர்வோடு மீட்டமைத்தல், கவனத்தோடு பழுதுபார்த்தல் என்பன நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்த நெறிகள். முகப்பு, கூரை, பொதுச்சுவர், உள்முற்றம் முதலிய கட்டடக் கூறுகள் இவற்றால் காக்கப்பட்டன. கட்டடத்தின் பயன்பாடு சந்தைக்கு விடப்பட்டது. விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. சரக்குக் கிடங்கின் வாடகையும் மதுவிடுதியின் வாடகையும் ஒன்றாக இருத்தல் அரிது. போட் கீயின் கடைவீடுகள் சில ஆண்டுகளிலேயே உணவகங்களாயின. பல உரிமையாளர்களின் கையிலிருந்த போட் கீயைப் போலன்றி, கிளார்க் கீ ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டு, 1993 இறுதியில் ‘விழாக் கிராமம்’ எனத் திறக்கப்பட்டது.

அவ்விழாக் கிராமம் நெடுநாள் தழைக்கவில்லை. 2006இல் நிறைவுற்ற மறுவடிவமைப்பில் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் வில் ஆல்சப்பின் நிறுவனம் தெருக்களின்மேல் ஒளிபுகும் குடைக்கூரைகளை எழுப்பியது. கரையோரத்தில் அல்லியிலை வடிவ மேடைகள் தோன்றின. பழங்கிடங்குகள் அவற்றின் கீழே வண்ணம் பூசிய பின்னணித் திரைபோல் ஆயின. இரவு வாழ்வின் மையமாக ஒன்றரைப் பத்தாண்டு விளங்கிய அவ்விடம், பெருந்தொற்றுக்குப் பின் பகலிலும் இரவிலும் குடும்பத்தோடு வரத்தக்க இடமாக மீண்டும் மாற்றியமைக்கப்பட்டது. முப்பதாண்டுகளில் மூன்று பிறவிகள்.

இங்கே இருவேறு கால அளவுகள் செயற்படுகின்றன. நீரைத் தூய்மையாக்க ஒரு பத்தாண்டு ஆயிற்று; அதன் பயன் இன்றும் நிலைக்கிறது. 2008இல் கழிமுகத்திற்கு அப்பால் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் கடல் ஓதம் உள்ளே வருவது நின்றது. அணைக்குள் அடங்கிய நீர்ப்பரப்பு 10,000 எக்டேர் வடிநிலத்தைக் கொண்ட நன்னீர்த் தேக்கமாக மாறியது; இவ்வடிநிலம் நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு. சரக்குப் படகுகளின் நேரத்தை நிர்ணயித்த நீரேற்ற நீரிறக்கம் மறைந்து, நாகரிகமாகச் சொன்னால் கழி ஏரியாயிற்று. இதற்கு மாறாக, கரையின் சுற்றுலா உருவமோ பத்துப் பதினைந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியதாயிருக்கிறது. பயணியின் சுவை மாறுந்தோறும் கரையும் மாறியாக வேண்டும். தொழிலிடமாக இருந்த நூற்றறுபதாண்டுகளில் அக்கரை இவ்வளவு விரைவாக உருமாறியதில்லை.

இனவாரி மரபும் ஆற்றின் தமிழரும்

1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் ஆற்றங்கரையோடு சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகியவையும் இடம்பெற்றன. பயணிக்கு நகரைப் புரியவைக்க இப்பகுப்பு மிக எளிது. சீனர்க்கு ஒன்று, மலாயர்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று. இப்பகுப்பில் ஆற்றங்கரைக்கு இனப்பெயர் இல்லை. அது அனைவர்க்கும் பொதுவான வணிகத் தொட்டிலாக முன்வைக்கப்பட்டது. ஆயினும் நடைமுறையில் ஐரோப்பிய வணிகரும் சீன வணிகரும் அதன் கதையில் முன்னிற்க, தமிழர் வரலாறு சிராங்கூன் சாலையின் பொறுப்பாயிற்று.

சிராங்கூன் சாலையின் தமிழர் வாழ்வு செழுமையானது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் இங்கு நோக்கமன்று. சுண்ணாம்புக் காளவாய்களும் மாட்டுத் தொழுவங்களும் இருந்த அப்பகுதி தமிழர் வட்டாரமாக வளர்ந்தது, ஆற்றங்கரைக் குடியிருப்புக்குப் பின்னர். முற்பட்ட குடியிருப்பின் அடையாளங்களாகிய மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ பள்ளிவாசலும் இன்று எங்கே உள்ளன என்று கேட்டால், ‘சைனாடவுனில்’ என்பதே விடை. சீனர் வட்டாரத்தில் தமிழர் கோயில் எப்படி வந்தது எனப் பயணி வியக்கிறார். பல இன நல்லிணக்கத்தின் சான்று என வழிகாட்டி விடை பகர்கிறார். அவ்விடை பொய்யன்று. ஆனால், அக்கோயில் தமிழர் நடமாட்டம் மிகுந்த ஆற்றங்கரைப் பகுதியில் எழுந்தது என்பதும், வட்டாரத்தின் பெயரே பின்னர் வந்தது என்பதும் அவ்விடையில் மறைந்துபோகின்றன.

கரையில் நிறுவப்பட்டுள்ள வெண்கலச் சிற்பங்கள் இதற்கு மற்றொரு சான்று. ஆற்றின் பழைய மாந்தரைக் காட்டும் இச்சிற்பத் தொகுதியில் ‘ஆற்று வணிகர்கள்’ எனப் பொருள்படும் பெயருடைய ஒன்று, ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் லாரி ஜான்ஸ்டன், மலாய்த் தலைவர் ஒருவர், சீன வணிகர் ஒருவர் ஆகியோர் உரையாடுவதையும், அருகே இந்திய, சீனக் கூலிகள் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதையும் காட்டுகிறது. செட்டியாரிலிருந்து இன்றைய நிதியாளர் வரையிலான மாற்றத்தைக் காட்டும் சிற்பமும் உண்டு. சுமை தூக்குபவராகவும் வட்டிக்குக் கொடுப்பவராகவும் தமிழர் இடம்பெறுகின்றனர். படகோட்டியாக, அதாவது ஆற்றின்மேல் உரிமையும் திறமையும் உடையவராக, அவர் காட்சியாக்கப்படவில்லை. சிற்பியைக் குறைகூறுவதில் பயனில்லை. அவருக்குக் கிடைத்த கதையே அவ்வளவுதான்.

2019 ஜனவரியில், ராஃபிள்ஸ் வந்திறங்கியதன் இருநூறாம் ஆண்டு நினைவின் தொடக்கமாக, ஆற்றங்கரையிலுள்ள அவருடைய வெண்ணிறச் சிலையின் அருகே மேலும் நால்வரின் சிலைகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நாராயண பிள்ளை என்போர் அந்நால்வர். செங்கற்சூளை அமைத்துக் கட்டடத் தொழிலும் துணி வணிகமும் நடத்திய நாராயண பிள்ளை ராஃபிள்ஸுக்கு இணையான உயரத்தில் அதே கரையில் நின்ற காட்சி அதிகாரபூர்வ வரலாற்றில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க அசைவு. அப்துல்லாவையும் சேர்த்தால், நால்வருள் இருவர் தமிழோடு தொடர்புடையோர். ஒரு தனிமனிதரைச் சிலையாக்குவது எளிது. பெயர் தெரியாத தொழிற்கூட்டத்தைக் காட்சியாக்குவது கடினம். நாராயண பிள்ளைக்குக் கிடைத்த அந்த இடம் சூலியாப் படகோட்டிகளுக்கு இன்னும் கிட்டவில்லை.

சொல்லில் எஞ்சிய துறை

கல்லிலும் வெண்கலத்திலும் தேடிக் கிடைக்காதது சொல்லில் கிடைக்கிறது. மொழியாய்வாளர்க்கு ஆற்றங்கரை இன்னும் திறந்த ஆவணமே.

ஆற்றை ஒட்டியுள்ள சூலியா தெரு முன்னர் ‘கிளிங் தெரு’ எனப்பட்டது. கலிங்கம் என்னும் பெயரடியாகத் தோன்றித் தென்னிந்தியர் அனைவரையும் குறித்த ‘கிளிங்’ என்னும் சொல் காலப்போக்கில் இழிவுப்பொருள் ஏற்றது. இந்தியச் சமூகத்தாரின் எதிர்ப்பையடுத்து 1920களின் தொடக்கத்தில் தெருவின் பெயர் மாற்றப்பட்டது. மாற்றிய பெயராகத் தெரிவு செய்யப்பட்டது மறுபடியும் ஆற்றோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயரே என்பது நோக்கத்தக்கது. மார்க்கெட் தெருவைத் தமிழர் ‘செட்டித் தெரு’ என்றும், சிராங்கூன் வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றும் வழங்கினர். ‘கம்போங்’ என்னும் மலாய்ச்சொல் ‘கம்பம்’ எனத் தமிழொலி பெற்ற முறையும் இங்கே காணத்தக்கது. இவ்வழக்குப் பெயர்கள் நகரத்தைத் தமிழர் தம் நாவால் எவ்வாறு பகுத்துக்கொண்டனர் என்பதைக் காட்டுகின்றன. சுற்றுலாத் திட்டத்தின் இனவாரி வரைபடத்தைவிட அவ்வரைபடம் நுட்பமானது. தொழிலாலும் பொருளாலும் இடத்தை அடையாளங்கண்டது.

சரக்குப் படகின் பெயராகிய ‘தொங்கான்’ மலாய், தமிழ் இரண்டிலும் வழங்குவது, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்க்கு அச்சொல் புதிதன்று. மலாயில் கப்பலைக் குறிக்கும் ‘கப்பால்’, கடையைக் குறிக்கும் ‘கெடாய்’, பெட்டியைக் குறிக்கும் ‘பெத்தி’ ஆகியவை தமிழ்வழிச் சொற்கள். கடலில் வந்தது, கரையில் விற்றது, சரக்கை அடைத்தது என வணிகத்தின் மூன்று நிலைகளுக்கும் உரிய சொற்கள் இவை. துறைமுக மொழியில் தமிழர் கேட்டுக்கொண்டிருந்தவர் மட்டுமல்லர், பெயரிட்டவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவற்றுள் மிக்க ஆர்வம் தருவது ‘கிடங்கு’ என்னும் சொல்லின் பயணம். தமிழின் கிடங்கு, கிட்டங்கி, தெலுங்கின் கிட்டங்கி ஆகியவற்றோடு தொடர்புடைய இச்சொல் மலாயில் ‘குடாங்’ எனவும், கீழைக்கடல் வணிக ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ எனவும் உருப்பெற்றதாகச் சொற்பிறப்பு நூல்கள் பெரும்பாலும் கருதுகின்றன. சிங்கப்பூர்த் தமிழில் ‘கிட்டங்கி’ நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய கூடத்தைக் குறிக்கும் தனிப்பொருள் பெற்றது. நீண்ட கூடம், ஒவ்வொருவர்க்கும் ஒரு பெட்டகம், ஒரு கைப்பெட்டி, தரையில் ஒரு பாய் என்பது அதன் அமைப்பு. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகரமையச் சீரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன. பாதுகாப்பு நெறிகள் வகுக்கப்படுமுன்னரே அவை வீழ்ந்தமையால் முகப்புக்கூட மிஞ்சவில்லை. அதே சொல்லின் வேற்றுருவம் தாங்கிய ‘கோடவுன்கள்’ கிளார்க் கீயில் காக்கப்பட்டு நிற்கின்றன.

ஆற்றங்கரையின் தமிழ்ப் பதிவுகள் இன்னும் முழுமையாகத் துருவப்படவில்லை. 1887இல் தொடங்கிய ‘சிங்கைநேசன்’ இதழ், அதே ஆண்டில் வெளிவந்த சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகரந்தாதி’, 1893இல் அச்சேறிய ரங்கசாமி தாசனின் ‘அதிவினோதக் குதிரைப்பந்தய லாவணி’ ஆகியவை இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. நகர வரலாற்றுக்கான சான்றுகளாக அவை போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. சிறப்பாக லாவணி, குதிரைப்பந்தயம் காணச்செல்லும் கணவன் மனைவியின் வழியே நகரைக் காட்டுவது. சுற்றுலாத் திட்டங்களுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே சிங்கப்பூரைப் ‘பார்க்கும் இடமாக’ ஒரு தமிழ் நூல் கண்டிருக்கிறது. அவ்வூர் சுற்றலில் இடங்கள் அவற்றின் தொழிலோடும் கடையோடும் வருகின்றன. காட்சிக்காகத் துடைத்து நிறுத்தப்பட்டவையாக வரவில்லை.

இன்று கழியில் செல்லும் படகுகள் பயணிகளை மட்டுமே ஏற்றுகின்றன. பழைய சரக்குப் படகின் வடிவும், முன்பகுதியில் தீட்டிய கண்களும், மரத்தாலான உடலும் காக்கப்பட்டுள்ளன. கிளார்க் கீயிலிருந்து புறப்படும் படகு, மார்க்கெட் தெருவின் பழைய வட்டித்தொழிலைத் தொடரும் வங்கிக் கோபுரங்களின் நிழலைக் கடந்து கழிமுகத்தை அடைகிறது. அக்கோபுரங்களுள் ஒன்றான ஓசிபிசி நிலையத்தின் முகவரி 65, சூலியா தெரு.